அம்மாவின் முட்டைக் கணக்கு

கலைப்பீட வலைப்பந்து அணிக்குத் தெரிவான பிறகு கோச் என்னிடம் கேட்ட முதல் கேள்வி விளையாட்டைப் பற்றியது இல்லை.

"பிள்ளை, நேற்று இரவு என்ன சாப்பிட்டனி?"

"இடியப்பமும் சம்பலும், சேர்."

"அதில புரதம் எங்க கிடக்கு?"

சொதியும் இருந்தது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டு விசிலை ஊதினார். நான் ஓடப் போய்விட்டேன். ஆனால் அந்தக் கேள்வி றூம் வரைக்கும் என்னோடு வந்தது.

நான் கிளிநொச்சிப் பக்கம். திருநெல்வேலியில் மூன்று பேர் சேர்ந்து ஒரு அறை எடுத்து இருக்கிறோம். ஒரு கேஸ் அடுப்பு, இரண்டு சட்டி, ஒரு கேத்தல். பின்னேரம் ஐந்தரைக்குப் பயிற்சி. கிழமையில் மூன்று நாள் அதோடு ஜிம்மும். முடிந்து சைக்கிளில் அறைக்கு வர ஏழரை எட்டாகும். உடம்பெல்லாம் நோகும். அடுத்த நாள் காலையில் படி இறங்க முடியாது. மூன்றாம் நாள்தான் தொடை வழிக்கு வரும். அப்போது திரும்பவும் பயிற்சி. 'நோகிறது நல்லம், சதை வளருது' என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் எனக்கு வளர்ந்த மாதிரித் தெரியவில்லை. இரண்டு மாதத்தில் ஒரு கிலோ குறைந்ததுதான் மிச்சம்.

அணியில் இருந்த ஒரு சீனியர் அக்காதான் விளக்கம் தந்தா. "வேகமாச் செமிக்கிற புரதம், மெதுவாச் செமிக்கிற புரதம் எண்டு ரெண்டு இருக்கு. பயிற்சி முடிஞ்சு அரை மணித்தியாலத்துக்குள்ள வே புரோட்டீன் குடிக்கோணும். படுக்க முதல் கேசீன் குடிக்கோணும். இல்லாட்டி நீ செய்த வேலை எல்லாம் வேஸ்ற்."

இரண்டு டப்பா வாங்க வழியில்லை. நிலுவையாக இருந்த மூன்று மாத மகாபொல ஒன்றாக வந்தது. அப்போது மாதம் ஐயாயிரம். அந்தப் பதினைந்தாயிரத்தோடு கையில் இருந்ததையும் போட்டு யாழ்ப்பாண ரவுனில் ஒரு கடையில் வே புரோட்டீன் ஒரு டப்பா வாங்கினேன். வாங்கும்போது கை நடுங்கியது உண்மை. வீட்டில் சொல்லவில்லை.

இனி அந்த வேகம், மெதுவு என்ற கதை. நான் கலைப்பீடம், உயிரியலை ஓ.எல்லோடு விட்டவள். ஆனால் காசு போட்ட பிறகு வாசிக்காமல் இருக்க மனம் விடவில்லை.

பாலில் இரண்டு வகைப் புரதம் இருக்கிறது. ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கேசீன், ஒரு பங்கு வே. இதைப் பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. பால் திரைந்து போன நாளில் சட்டிக்குள் பாருங்கள். கட்டி கட்டியாக வெள்ளையாய் நிற்பது கேசீன். சுற்றி ஓடுகிற மஞ்சள் தண்ணிக்குள் இருப்பது வே. நாங்கள் 'பால் பழுதாப் போச்சு' என்று வெளியில் ஊற்றுகிற அந்தத் தண்ணியைத்தான், பாற்கட்டி செய்கிற நாடுகளில் எடுத்து, வடித்து, காயவைத்து டப்பாவில் அடைக்கிறார்கள்.

வயிற்றுக்குள்ளும் இதேதான் நடக்கிறது. வயிற்று அமிலம் பட்டதும் கேசீன் கட்டிபட்டுவிடும். கட்டி மெல்ல மெல்லக் கரைந்து குடலுக்கு இறங்க மணித்தியாலங்கள் எடுக்கும். வே கட்டிபடாது, தண்ணியாகவே நின்று கெதியாக இறங்கிவிடும். 1997இல் பிரான்சில் செய்த ஓர் ஆய்வுதான் இந்த 'வேகம், மெதுவு' என்ற பேச்சைப் பெரிதாகத் தொடக்கிவைத்தது. வே குடித்தவர்களின் இரத்தத்தில் அமினோ அமிலங்கள் சட்டென்று ஏறி, சில மணித்தியாலத்தில் இறங்கிவிட்டன. கேசீன் குடித்தவர்களுக்கு உயரமாக ஏறவில்லை. ஆனால் ஏழு மணித்தியாலம் போன பிறகும் கொஞ்சம் ஏறியபடியே நின்றது. வே புதுப் புரதம் கட்டுவதைத் தூண்டியது. கேசீன் இருக்கிற புரதம் உடைவதைக் குறைத்தது.

இதிலிருந்துதான் அக்கா சொன்ன விதி வந்தது. பயிற்சி முடிந்த தசைக்கு உடனே கட்டுமானப் பொருள் வேண்டும், ஆகவே வேகமானது. இரவில் எட்டு மணித்தியாலம் பட்டினி, ஆகவே மெதுவானது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பிழை என்றும் சொல்ல முடியாது. 2012இல் நெதர்லாந்தின் மாஸ்திரிக்ட் நகரில் பதினாறு இளைஞர்களுக்கு இரவு பயிற்சி கொடுத்து, படுக்க அரை மணித்தியாலத்துக்கு முதல் பாதிப் பேருக்கு 40 கிராம் கேசீன் கொடுத்துப் பார்த்தார்கள். நித்திரையில் இருக்கும்போதே அது செமித்து, தசை கட்டும் வேகம் ஏறத்தாழ 22 வீதம் கூடியது.

ஆனால் மற்றப் பாதிப் பேருக்கு என்ன கொடுத்தார்கள் என்று பார்த்தபோதுதான் எனக்கு விளங்கத் தொடங்கியது. அவர்களுக்குப் புரதமே இல்லாத பானம். அதாவது ஒப்பீடு கேசீனுக்கும் வேக்கும் இடையில் இல்லை. புரதம் சாப்பிட்டவனுக்கும் சாப்பிடாதவனுக்கும் இடையில். 2023இல் அதே நகரத்தில் சைக்கிள் பயிற்சி செய்தவர்களுக்கு, படுக்க முதல் சிலருக்கு வே, சிலருக்கு கேசீன் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டுமே ஒன்றும் சாப்பிடாததைவிட நல்லது. ஆனால் இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் தெரியவில்லை.

அரை மணித்தியாலக் கதையும் அப்படித்தான். 2013இல் 23 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். பயிற்சியை ஒட்டிப் புரதம் எடுத்தவர்களுக்குத் தசை கொஞ்சம் கூடத்தான் செய்தது. ஆனால் அவர்கள் முழு நாளைக்கும் எடுத்த மொத்தப் புரதமும் மற்றவர்களைவிடக் கூட. அந்த மொத்தத்தைக் கணக்கில் எடுத்ததும் நேரத்தின் மந்திரம் காணாமல் போய்விட்டது. ஆக முதலில் ஒரு நாளின் மொத்தம், அடுத்தது அதை நேரத்துக்கு நேரம் பிரித்துச் சாப்பிடுவது. வேகம், மெதுவு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மொத்தம் எவ்வளவு? சும்மா இருக்கிற ஓர் ஆளுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் என்பதுதான் உலக அளவில் சொல்லப்படுகிற பாதுகாப்பான அளவு. எடை தூக்கிப் பயிற்சி செய்கிறவர்களைப் பற்றி 2018இல் வந்த பெரிய தொகுப்பாய்வு ஒன்று கிலோவுக்கு 1.6 கிராம் வரை பயன் கூடுவதாகவும், அதற்கு மேல் பெரிதாக இல்லை என்றும் சொன்னது. நான் 54 கிலோ. அப்படியென்றால் எனக்குக் குறைந்தது 45, பயிற்சிக்கு 86 கிராம்.

ஒரு கொப்பியை எடுத்து என்ர சாப்பாட்டை எழுதினேன். காலையில் பாணும் பருப்பும் 11. மதியம் சோறும் மரக்கறியும் 8, ஒரு மீன் துண்டு 13. பின்னேரம் அவித்த கடலை ஒரு சரை 9. இரவு இடியப்பமும் சொதியும் 5. மொத்தம் 46.

இது டப்பா வாங்க முதல் இருந்த கணக்கு. டப்பா வாங்கிய பிறகு கையில் காசில்லை. மதியச் சாப்பாட்டில் மீனை விட்டு மரக்கறிச் சாப்பாடு எடுத்தேன். பின்னேரக் கடலையை நிறுத்தினேன். இரவு ஒரு கரண்டி மா கரைத்துக் குடித்தேன். மாவால் 24 கிராம் வந்தது. மீனிலும் கடலையிலும் 22 கிராம் போனது. பதினைந்தாயிரத்துக்கு மேல் செலவழித்து ஒரு நாளைக்கு இரண்டு கிராம் புரதம் வாங்கியிருக்கிறேன்.

கொப்பியை மூடிவிட்டு றூம் பிள்ளைகளிடம் சொன்னேன். "எடி, நீ பொருளியல் படிக்கிறனி எல்லோ?" என்று ஒருத்தி கேட்டாள்.

படிப்பு விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது டப்பாவில் கால்வாசி மிச்சம் இருந்தது. பையின் அடியில் உடுப்புக்குள் சுற்றி வைத்திருந்தேன். அம்மாவின் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"இதென்ன பிள்ளை, மருந்தே? உனக்கு ஏதும் வருத்தமே?"

"இல்லையம்மா, சத்துமா மாதிரி. விளையாடுறதுக்கு."

"எவ்வளவு?"

பொய் சொன்னேன். பாதி விலைதான் சொன்னேன். அம்மா அதற்கே ஒன்றும் பேசவில்லை. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தா.

எங்கட வீட்டில் பன்னிரண்டு ஊர்க்கோழி நிற்கிறது. ஒரு நாளைக்கு ஆறு, ஏழு முட்டை கிடைக்கும். அதில் ஒன்று ஓ.எல். படிக்கிற தம்பிக்கு. மிச்சம் அவ்வளவும் ஒரு கடைக்கும் இரண்டு மூன்று வீட்டுக்கும் போகும். அந்தக் காசுதான் என்ர அறை வாடகையின் ஒரு பங்கு. நான் யாழ்ப்பாணம் திரும்பும்போது மட்டும் ஒரு வாளியில் உமி போட்டு, அதற்குள் பதினைந்து முட்டை புதைத்துத் தருவா. பஸ் எவ்வளவு குலுங்கினாலும் உடையாது.

அதாவது அம்மா முட்டை விற்று எனக்குக் காசு அனுப்புறா. நான் காசு கொடுத்துப் பாலின் தண்ணி வாங்குறன். இது எனக்கு அன்று வரைக்கும் தோன்றவே இல்லை.

அன்று மத்தியானம் அம்மா சாப்பிடுவதை முதல் முறையாகக் கவனித்துப் பார்த்தேன். மீன் குழம்பு. தம்பிக்கு இரண்டு துண்டு, எனக்கு இரண்டு துண்டு. அம்மாவின் கோப்பையில் சோறு, கீரை, பருப்பு, குழம்பு. துண்டு இல்லை. கேட்டால் "எனக்கு மீன் பெரிசா விருப்பமில்லை" என்றா. இந்த வசனத்தை நான் சின்ன வயதில் இருந்து கேட்கிறேன். நம்பியும் இருந்தேன். அம்மம்மா வீட்டுக்குப் போனால் அதே அம்மா மீன்தலையைக் கையில் எடுத்து உறிஞ்சிச் சாப்பிடுவா என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

கொப்பியில் அடுத்த பக்கத்தில் அம்மாவின் நாளை எழுதினேன். காலையில் பழஞ்சோறும் பிளேன்ரீயும். மதியம் சொன்னதுதான். பின்னேரம் தேத்தண்ணியும் ஒரு றஸ்கும். இரவு புட்டும் மதியக் கறியில் மிச்சமும். எப்படிக் கூட்டினாலும் 25ஐத் தாண்டவில்லை. அம்மா 55 கிலோ. குறைந்தபட்சமே 46 வேண்டும்.

தோட்டத்தில் குந்தியிருந்து எழும்பும்போது அம்மா முழங்காலில் கை ஊன்றித்தான் எழும்புவா. பஸ் படி ஏறும்போது கம்பியைப் பிடித்து உடம்பை இழுப்பா. நான் அதை 'வயது போகுது' என்றுதான் நினைத்திருந்தேன். அம்மாவுக்கு ஐம்பத்தொன்று. நடுவயதுக்குப் பிறகு ஒன்றும் செய்யாவிட்டால் தசை தானாகவே குறைந்துகொண்டு போகும். வயது ஏற ஏற அதே அளவு புரதத்துக்குத் தசை முந்தின மாதிரி அசைந்து கொடுப்பதும் இல்லை. அதனால்தான் அறுபத்தைந்துக்கு மேற்பட்டவர்களுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று சொல்கிறார்கள். எங்கட வீடுகளில் நடப்பதோ நேர்மாறு. வயது போகப் போகப் பெண்களின் கோப்பையில் துண்டு குறைகிறது.

எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் பெரியபிள்ளையான போது தினமும் காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும். பிறகு உளுத்தம்மாக் களி, கத்தரிக்காய்ப் பிரட்டல். மூக்கைப் பொத்திக்கொண்டு குடிப்பேன். என்ர வாழ்க்கையிலேயே வீட்டில் எனக்கு அதிகம் புரதம் கிடைத்த நாட்கள் அவைதான். அடுத்தது ஒரு பிள்ளை பெற்றால் கிடைக்கும்: சரக்குக் கறி, பால்சுறா. இடையிலும் பிறகும் யாரும் கேட்பதில்லை. எங்கட ஊரில் ஒரு பெண்ணின் உடம்புக்குச் சாப்பாடு கொடுப்பது அது இன்னொரு வேலைக்குத் தயாராகும்போது மட்டும்தான் போல.

அந்தப் பச்சை முட்டையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ஜிம்மில் இப்போதும் பெடியள் அதை உடைத்து ஊற்றிக் குடிக்கிறார்கள். பச்சையாகக் குடித்தால் சத்து அதிகம் என்பது பிழை. பெல்ஜியத்தில் 1998இல் அளந்து பார்த்தபோது அவித்த முட்டையின் புரதத்தில் 90 வீதமளவு செமித்தது. பச்சை முட்டையில் பாதியளவுதான். கிருமி ஆபத்து வேறு. அவித்துச் சாப்பிடுங்கோ.

திரும்பி வந்து டப்பாவை முடித்தேன். பிறகு வாங்கவில்லை. வே கூடாத சாமான் என்று நான் சொல்ல வரவில்லை. காசு இருக்கிறவருக்கு அது வசதியான, நல்ல புரதம்தான். எனக்கு இப்போது இருக்கிற முறை இது:

காலையில் பாணும் பருப்பும், கூட ஒரு முட்டை: 17. மதியம் சோறும் மரக்கறியும் மீனும் திரும்பவும் வந்துவிட்டன: 21. பயிற்சிக்கு ஒரு மணித்தியாலத்துக்கு முதல் அவித்த கடலை: 9. பயிற்சி முடிந்து வந்ததும் இரவுச் சாப்பாடு: இடியப்பத்துக்குச் சோயா மீற் கறி, ஒரு முட்டை: 24. படுக்க முதல் ஒரு கோப்பை பாலும் ஒரு கைப்பிடி நிலக்கடலையும்: 14. மொத்தம் 85.

இதற்குள்ளும் வேகம் மெதுவு இருக்கிறதுதான். 2009இல் கனடாவில் செய்த ஒப்பீட்டில், பயிற்சிக்குப் பிறகு சோயாப் புரதம் வேயைவிடப் பின்னுக்கும் கேசீனைவிட முன்னுக்கும் நின்றது. அது தூய்மையாக்கிய சோயா மா. எங்கட சட்டியில் வேகிற சோயா மீற் அவ்வளவு கெதியாகச் செமிக்காது. முட்டையும் மீனும் நிலக்கடலையும் திட உணவு, கொழுப்பும் சேர்ந்தவை; நிலக்கடலையில் நாரும் உண்டு. அவை எல்லாமே ஆறுதலாகத்தான் இறங்கும். படுக்க முதல் குடிக்கிற பாலின் பெரும்பங்கு அதே கேசீன்தான். தயிர் கிடைத்தால் தயிர். பருப்பில் குறைகிற அமினோ அமிலம் சோற்றில் இருக்கிறது, சோற்றில் குறைகிறது பருப்பில் இருக்கிறது. சோறும் பருப்பும் என்று எங்கட ஆக்கள் சேர்த்தது சும்மா இல்லை.

மாதக் கடைசியில் பால் இல்லாமல் போகும். முட்டை ஒன்றாகும். அப்போது 85 எழுபதாகும். பரவாயில்லை, 46 இல்லைத்தானே. இப்போது மூன்றாம் நாள் வரைக்கும் தொடை நோகிறதில்லை. குறைந்த ஒரு கிலோவும், மேலே இன்னும் ஒன்றும் வந்திருக்கிறது. இது என் ஒருத்தியின் கதை, ஆய்வு இல்லை. நான் மேலே சொன்ன இரவு ஆய்வுகளில் கலந்துகொண்டவர்கள் எல்லாரும் ஆண்கள் என்பதையும் மறக்கக் கூடாது. இன்னொன்று: வவுனியாப் பக்கமும் வடமத்தியிலும் சிறுநீரக நோய் எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்று தெரியும். அப்படி வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

அம்மாவையும் அதனால்தான் முதலில் பிறசர் கிளினிக்கில் கேட்கச் சொன்னேன். சிறுநீரகம் நல்லா இருக்கு, முட்டை சாப்பிடலாம் என்றார்களாம். அதற்குப் பிறகும் அம்மாவுக்கு மனம் வரவில்லை.

"எனக்கென்னத்துக்கு? நான் என்ன நெற்போல் விளையாடவே போறன்? ஒரு முட்டை ஐம்பது ரூபாவுக்கு மேல போகுது."

"அம்மா, நீங்கள் ஒரு முட்டை சாப்பிட்டாத்தான் நான் இஞ்ச சாப்பிடுவன்."

"வெருட்டாத."

ஒவ்வொரு இரவும் போன் எடுத்துக் கேட்பேன். "ஓம், ஓம், சாப்பிட்டனான்" என்பா. பின்னால் தம்பி சிரிக்கிற சத்தம் கேட்கும். நம்புவதா விடுவதா என்று தெரியாது. எத்தனையோ வருடம் 'மீன் விருப்பமில்லை' என்று சொல்லிச் சமாளித்தவ.

போன மாதம் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போனேன். அம்மா கடைக்குப் போயிருந்தா. எங்கட வீட்டில் முட்டைக் கோதை எறிய மாட்டோம். நொறுக்கி ரோசாச் செடியடியில் போடுவோம். முற்றத்தில் குந்தியிருந்து பார்த்தேன். அன்றைக்குப் போட்டதாக இருக்க வேண்டும், இன்னும் ஈரம் காயவில்லை. சரியாக நொறுக்காமல் பாதி பாதியாகக் கிடந்தன.

நாலு பாதி. அதாவது இரண்டு முட்டை. தம்பி ஒன்றுதான் சாப்பிடுகிறவன்.